நட்சத்திரங்களைப் படம் பிடிப்போம், வாருங்கள்!

இரவு வானத்தைப் படம் பிடிப்பது வசதியான வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. "லட்ச ரூபாய் காமிரா, டெலஸ்கோப் எல்லாம் வேணுமே, நமக்கு எப்படிப்பா கட்டுப்படியாகும்?" என்று ஹாஸ்டல் நண்பர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்: இதற்கு வேண்டியது கொஞ்சம் கணக்கு, ஒரு கீல், ஒரு போல்ட், அப்புறம் நல்ல இருட்டு. கணக்கை முதலாண்டிலேயே படித்துவிட்டோம். கீலும் போல்ட்டும் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். இருட்டுதான் வரவர அரிதாகி வருகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பூமி சுற்றுவதால் வரும் தொல்லை

இரவில் வெளிச்சம் குறைவு. ஆகவே காமிராவின் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்க வேண்டும். ஆனால் பூமி நமக்காக நிற்குமா? 23 மணி 56 நிமிடத்துக்கு ஒரு சுற்று, அதாவது மணிக்குச் சுமார் 15 டிகிரி வீதம் சுழன்றுகொண்டே இருக்கிறது. அதனால், புள்ளியாக விழ வேண்டிய நட்சத்திரம் படத்தில் கோடாக இழுபட்டுவிடுகிறது.

எத்தனை விநாடி திறக்கலாம்? புகைப்படக்காரர்கள் '500 விதி' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். 500-ஐ லென்சின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். 50 மி.மீ. லென்ஸ் என்றால் 10 விநாடி. ஏன் 500? கணக்குப் போட்டுப் பார்ப்போம். வானம் விநாடிக்கு 15 ஆர்க் விநாடி நகர்கிறது. 10 விநாடியில் 150 ஆர்க் விநாடி. 50 மி.மீ. லென்சில் இது காமிராவுக்குள் சுமார் 0.036 மி.மீ. நகர்வாகிறது. இந்த அளவு இழுபட்டாலும் சாதாரணப் பிரிண்டில் கண்ணுக்குப் புள்ளியாகவே தெரியும். இது 35 மி.மீ. பிலிம் அளவுக்குப் போட்ட கணக்கு. சென்சார் சிறிய டிஜிட்டல் காமிராக்களில் குவியத் தூரத்தை 1.5-ஆல் பெருக்கிக்கொண்டு வகுக்க வேண்டும். 18 மி.மீ. என்றால் 18 விநாடி வரும். படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பவர்கள் 500-க்குப் பதில் 300 வைத்துக்கொள்வது நல்லது.

செல்போன் மட்டும்தான் இருக்கிறதா? கவலை வேண்டாம். பல போன்களில் 'ப்ரோ' பிரிவில் போனால் 10 முதல் 30 விநாடி வரை திறந்து வைக்கலாம். ஸ்டாண்டு இல்லையென்றால் இரண்டு செங்கல்லும் ஒரு மணல் பையும் போதும். ஐ.எஸ்.ஓ. 1600 அல்லது 3200 வையுங்கள். ஃபோகஸைத் தானாக விடாமல் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துக் கையால் சரிசெய்யுங்கள். விரல் பட்டால் படம் ஆடிவிடும் என்பதால் 2 விநாடி டைமர் போடுங்கள். ஒரே படத்துக்குப் பதில் பதினாறு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்று சேர்த்தால் படத்தின் புள்ளி இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். 16-இன் வர்க்கமூலம் 4 அல்லவா!

நம் ஒர்க்ஷாப்பிலேயே ஒரு கருவி

வானம் நகர்கிற வேகத்திலேயே காமிராவையும் திருப்பினால் என்ன? 10 விநாடிக்குப் பதில் பல நிமிடம் திறந்து வைக்கலாமே! 1975-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹெய்க் என்பவர் இதற்கு எளிய வழி ஒன்றை வெளியிட்டார். இரண்டு பலகை, ஒரு கீல், ஒரு போல்ட். நான் செய்தபோது மொத்தச் செலவு 200 ரூபாய்க்குள்தான் ஆனது.

இரண்டு பலகைகளையும் புத்தக அட்டை போல ஒரு பக்கம் கீலால் இணையுங்கள். கீல் ஆட்டம் இல்லாமல் இருக்க வேண்டும். கீழ்ப்பலகையில், கீலின் அச்சிலிருந்து சரியாக 229 மி.மீ. தூரத்தில் ட்ரில் போட்டு ஒரு எம்6 நட்டைப் பதியுங்கள். அதில் முழுவதும் மரை போட்ட எம்6 போல்ட்டைக் கீழிருந்து மேலே திருகினால், மேல்பலகை மெல்ல உயரும். போல்ட்டின் முனையைக் கிரைண்டரில் உருண்டையாக்கி, அது முட்டும் இடத்தில் ஒரு பழைய நாணயத்தை ஒட்டிவிடுங்கள்.

229 மி.மீ. எங்கிருந்து வந்தது? எம்6 போல்ட்டின் பிட்ச் 1 மி.மீ. நிமிடத்துக்கு ஒரு சுற்று திருப்பினால் 1 மி.மீ. உயரும். பூமி 1,436 நிமிடத்தில் ஒரு முழு வட்டம் சுற்றுகிறது. 1,436-ஐ 2π-யால் வகுத்துப் பாருங்கள், 228.6 வரும். போல்ட்டின் தலையில் நான்கு கோடு போட்ட அட்டை வட்டம் ஒன்றை ஒட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்து 15 விநாடிக்கு ஒரு கால் சுற்று திருப்பினால் போதும். 10 நிமிடம் வரை பிழை ஒன்றும் தெரியாது. மேல்பலகையில் காமிராவைப் பொருத்தக் கால் அங்குல ஸ்க்ரூ வேண்டும்.

வடக்கே பார்த்து நின்றால் கீல் இடது கைப் பக்கம் இருக்க வேண்டும். கீலின் அச்சு துருவ நட்சத்திரத்தைக் குறி பார்க்க வேண்டும். ஒரு ஊரின் அட்சரேகை எத்தனையோ, அத்தனை டிகிரி உயரத்தில்தான் துருவ நட்சத்திரம் தெரியும். கோவைக்கு 11, சென்னைக்கு 13. பதினொரு டிகிரிக்கு 30 செ.மீ. நீளத்தில் 5.8 செ.மீ. உயர்த்தினால் சரியாகிவிடும். கீலோடு சேர்த்து ஒரு காலிப் பேனாக் குழாயை ஒட்டிவிட்டால் அதன் வழியாகவே பார்த்துக்கொள்ளலாம். இவ்வளவு தாழ்வாக இருப்பதால் வடக்கே மரமோ கட்டடமோ மறைக்காத இடம் வேண்டும்.

எதை, எப்போது எடுப்பது?

தை, மாசி மாத முன்னிரவில் ஓரியன் மண்டலம் உச்சிக்கு வரும். நம் திருவாதிரை அதில்தான் சிவப்பாக மின்னுகிறது. வெறும் கண்ணுக்கு ஆறாகத் தெரியும் கார்த்திகைக் கூட்டம், இரண்டு நிமிடப் படத்தில் பல டஜன் நட்சத்திரங்களாகப் பெருகிவிடும். ஆனி, ஆடியில் மேகம் இல்லாத இரவில் தெற்கே கேட்டை நட்சத்திரமும் பால்வீதியும் தெரியும். சித்திரை இரவுகளில் தென் சிலுவை தெற்கே தாழ்வாகத் தெரியும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்சி கிடைக்காது. எதை எடுத்தாலும் அமாவாசையை ஒட்டிய நாட்களாகப் பாருங்கள்.

புகைப்படம் வெறும் அழகுக்கு மட்டும்தானா? ஜவ்வாது மலையில் காவலூரில் உள்ள வானாய்வகத்தில் 1988-ல் ஆர்.ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதன் எண் 4130. பெயர் நம் கணித மேதை ராமானுஜன். வெவ்வேறு நேரங்களில் எடுத்த படங்களை ஒப்பிடும்போது நட்சத்திரங்கள் அப்படியே இருக்க, சிறுகோள் மட்டும் இடம் மாறியிருக்கும்.

போகும் முன்பு

முதலில் மொட்டை மாடியில் பழகுங்கள். பிறகு ஏரிக்கரை, வயல்வெளி. தனியாகப் போகாதீர்கள், வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். ஷூ கட்டாயம், பாம்பு, தேள் நம்மைக் கேட்டு வருவதில்லை. டார்ச்சில் சிவப்பு ஜெலட்டின் தாளைக் கட்டினால் இருட்டுக்குப் பழகிய கண் கூசாது. காட்டுக்குள் தங்குவதென்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் கூடவே கூடாது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற பலர் உயிரிழந்ததை மறந்துவிட வேண்டாம்.

இருட்டையும் காப்போம்

ஆரம்பத்தில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். மேல்நோக்கி வீணாகும் விளக்கு வெளிச்சம் தூசியில் பட்டுச் சிதறி வானத்தையே வெளுக்கச் செய்கிறது. நம் தாத்தா பாட்டி வாசல் கட்டிலில் படுத்துப் பார்த்த பால்வீதியை, ஊருக்குள் இருக்கும் நம்மில் பலர் பார்த்ததே இல்லை. லடாக்கில் ஹான்லே பகுதி 2022-ல் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே ஊர்க்காரர்களே விளக்குக்கு மூடி போட்டு, ஜன்னலுக்குத் திரை போட்டு ஒத்துழைக்கிறார்கள்.

நம் மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் தை அமாவாசை இரவில், ஒரே மாடியிலிருந்து, ஒரே காமிராவில், ஒரே அளவுகளில் ஓரியனை ஒரு படம் எடுத்து வைப்போம். நான்கு மூலை நட்சத்திரங்களுக்கு நடுவே வெறும் கண்ணுக்கு எத்தனை நட்சத்திரம் தெரிகிறது என்று எண்ணி நோட்டில் எழுதுவோம். சில ஆண்டுகளில் நம் ஊர் வானம் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்பதற்கு நாமே எடுத்த கணக்கு நம் கையில் இருக்கும். அதோடு ஹாஸ்டல் முன்னால் வானத்தைப் பார்த்து எரிகிற ஃபிளட் லைட்டுக்கு ஒரு தகர மூடி வேண்டும். ஷீட் மெட்டல் ஒர்க்ஷாப்பில் ஒரு மணி நேர வேலை. முதலாண்டுத் தம்பி தங்கைகளே, நீங்கள் செய்வீர்களா?