வேலை விண்ணப்பத்தில் யார் பெயரைக் கொடுப்பது?

வேலை விண்ணப்பப் பாரங்களில் பெரும்பாலும் இரண்டு பரிந்துரையாளர்களின் பெயரைக் கேட்பார்கள். அப்பா, மாமா பெயரை எழுதினால் அதற்கு மதிப்பிருக்காது. உங்கள் வேலையை நேரில் பார்த்தவர் வேண்டும்: முன்னாள் மேலாளர், சூப்பர்வைசர், தோட்டமென்றால் கிராணி. எஸ்பிஎம் முடித்து முதல் வேலை தேடுவோர் வகுப்பாசிரியரையோ புறப்பாட நடவடிக்கை ஆசிரியரையோ கேட்கலாம்.

முதலில் அவரிடம் அனுமதி பெறுங்கள். என்ன வேலை என்று சொல்லி, ரெசுமேயையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வையுங்கள். விவரம் தெரியாமல் அவர் தொலைபேசியில் தடுமாறினால், கைநழுவுவது உங்கள் வாய்ப்புதான். பெயர், பதவி, தொலைபேசி எண், மின்னஞ்சல் போதும். அவருடைய அடையாள அட்டை எண்ணை எழுத வேண்டாம்.

தோட்டம் விற்கப்பட்டு, பழைய மேலாளரைத் தேடிப் பிடிக்க முடியவில்லையா? இபிஎஃப் சந்தா அறிக்கையும் சம்பளச் சீட்டும் நீங்கள் அங்கு வேலை செய்ததைக் காட்டும். அவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள்.