ஆற்றின் வழி அறிந்து வயலில் இறங்குவோம்

"சாமி, வரம்பு கிடக்கு, வாய்க்காலைத்தான் காணல்ல." பல வருடங்களின் பின் தன் வட்டைக்குத் திரும்பிய ஒரு விவசாயி என்னிடம் சொன்ன வார்த்தை இது. 1990இலும் 2007இலும் படுவான்கரையை விட்டு இடம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றின் நிலையும் இதுவே. காணியின் எல்லையைப் பிள்ளைகளுக்குக் காட்ட உறுதி இருக்கலாம். நீரின் வழியைக் காட்டுவது எது?

ஆறுகளின் பிறப்பு

வட இந்தியாவின் கங்கை, இமயமலையின் கங்கோத்திரிப் பனிக்கட்டியாற்றில் பிறக்கிறது. கோடையிலும் பனி உருகி அதற்கு நீர் கிடைக்கும். நமது ஆறுகளுக்குப் பனிமலை இல்லை. வடகீழ்ப் பருவமழையே அவற்றின் தாய். ஆகவே மாரியில் வெள்ளம், கோடையில் வெறும் மணல். மாரி நீரைக் கோடைக்குச் சேமித்துத் தருபவை குளங்களே.

மட்டக்களப்பு வாவிக்கு நீர் தரும் ஆறுகளுள் பெரியது முந்தனை ஆறு. மகாஓயாப் பக்கத்திலிருந்து வரும் இவ்வாறு, கிளையாறுகளைச் சேர்த்துக்கொண்டு வாவியின் வடபகுதியை அடைகிறது. அதன் நீரேந்து பரப்பு சுமார் 1,280 சதுர கிலோமீற்றர். வவுணதீவுப் பக்கத்து வயல்களுக்கு முக்கியமானது உன்னிச்சைக் குளம். அதன் ஆற்றுக்குரிய பரப்பு சுமார் 346 சதுர கிலோமீற்றர். தெற்கே நவகிரிக் குளத்து நீரும் இதே வாவியில்தான் முடிகிறது.

வாவியும் முகத்துவாரமும்

சுமார் 56 கிலோமீற்றர் நீளமான வாவிக்குக் கடலோடு இரண்டு வாசல்களே உண்டு: வடக்கே பாலமீன்மடு, தெற்கே கல்லாறு. கோடையில் அலை மணலைக் குவித்து இவற்றை அடைத்துவிடும். மாரியில் வாவி நிறையும்போது மணல் வெட்டித் திறக்கப்படும். பிந்தி வெட்டினால் கரையோரப் பள்ள வயல்கள் நாட்கணக்கில் மூழ்கிப் பயிர் அழுகும். முந்தி வெட்டினால் நன்னீர் வீணே கடலுக்குப் போய், உவர்நீர் உள்ளே ஏறும். விவசாயியும் மீனவரும் அதிகாரிகளும் கூடிப் பேசியே நாளைத் தீர்மானிக்க வேண்டும். 2011 தை மாதப் பெருவெள்ளத்தில் விளைந்த வயல்கள் அழிந்ததை நாம் மறக்கவில்லை.

நாம் செய்யக்கூடியவை

1. விதைப்புக்கு முன் வட்டைவிதானையையும் ஊர்ப் பெரியவர்களையும் அழைத்து, மதகிலிருந்து வாவி வரை வாய்க்கால் வழியே நடந்து பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள்.

2. நீர் வரும் வாய்க்காலை மட்டுமன்றி, வடிச்சல் வாய்க்காலையும் சிரமதானமாக வெட்டித் துப்புரவு செய்யுங்கள். நாம் இல்லாத காலத்தில் அதில் பற்றை வளர்ந்திருக்கும். சில இடங்களில் மண் நிரவப்பட்டிருக்கும்.

3. பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்துக்குத் தவறாமல் செல்லுங்கள். குளத்தில் உள்ள நீரின் அளவையும், திறக்கும் நாளையும் கேட்டறிந்த பின்பே விதையுங்கள்.

மேல்வயற்காரன் அடைத்த வடிச்சல், அயலவனின் வயலை மூழ்கடிக்கும். ஒரே ஆற்று நீரை உண்பவர்கள் நாம். காணிக்குத் திரும்பியவர்கள் அந்த உறவுக்கும் திரும்பினால்தான் வெள்ளாமை வீடு வந்து சேரும்.