பூட்டிய வீட்டின் காவற்காரன்

வீட்டில் ஒருவர் வெளியே சென்று உழைக்க, மற்றவர் அடுக்களையையும் வளவையும் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில் நாய் வளர்ப்பது ஒரு தனிக் காரியமாகவே கருதப்படவில்லை. சோறு வடித்த வீட்டில் ஒரு பிடி சோறு மிஞ்சும். மீன் அரிந்த இடத்தில் தலையும் வாலும் கிடக்கும். கிணற்றடியில் எப்பொழுதும் ஈரம் இருக்கும். நாய் தானாகவே வளர்ந்தது. இன்று அந்த நிலை மாறிவிட்டது. கணவர் மன்னார்ப் பட்டினத்துக் கந்தோருக்கும், மனைவி பாடசாலைக்கும், பிள்ளைகள் வகுப்புக்கும் போய்விட, காலை ஏழு மணி முதல் வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பூட்டைக் காப்பதற்காகவே நாய் ஒன்று வேண்டும் என்று எண்ணுகிறோம். ஆனால் பூட்டைக் காக்கும் நாயை யார் காப்பது என்ற கேள்வி பெரும்பாலும் நாய் வந்து சேர்ந்த பிறகுதான் எழுகிறது.

மன்னார்த் தீவில் எருக்கலம்பிட்டியை எடுத்துக்கொள்வோம். எருக்கலையும் மணற்பிட்டியும் பெயரிலேயே அமைந்த ஊர் அது. முஸ்லிம் மக்கள் பெரும்பான்மையாக வாழும் அவ்வூரில் நாயை வீட்டுக்குள் விடும் வழக்கம் இல்லை. ஷாபிஈ சட்ட மரபின்படி நாயின் எச்சில் பட்ட பாத்திரத்தை 7 முறை கழுவ வேண்டும். அவற்றுள் ஒரு முறை மண்ணைக் கலந்து கழுவ வேண்டும். தொழுகைக்குரிய உடையும் பாயும் நாயின் ஈரம் படாதிருக்க வேண்டும். இதைக் கொண்டு, அந்த மார்க்கத்தில் நாய்க்கு இடமே இல்லை என்று வெளியார் சிலர் எண்ணிவிடுகின்றனர். அது பிழை. காவலுக்கும் மந்தைக்கும் வேட்டைக்கும் நாய் வைத்திருப்பதற்கு அனுமதி உண்டு. திருக்குர்ஆனின் 18ஆவது அத்தியாயத்தில், குகையில் உறங்கிய இளைஞர்களோடு அவர்களுடைய நாயும் வாசலில் முன்னங்கால்களை நீட்டியபடி கிடந்ததாகக் கூறப்படுகிறது. தாகத்தால் ஈரமண்ணை நக்கிய நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலணியில் நீர் மொண்டு கொடுத்தவனின் பாவம் மன்னிக்கப்பட்ட செய்தியும் அவ்வூர்ப் பிள்ளைகள் கேட்டு வளரும் ஒன்றே.

காவல் நாயை மதித்த வழக்கம் தமிழருக்கும் பழையது. திருவண்ணாமலைப் பக்கத்து எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லில், வீரனுடைய உருவத்தோடு, கள்வரைக் கடித்துப் போராடிய கோவிவன் என்னும் நாயின் உருவமும் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளன. வேலை செய்த நாய்க்குக் கல் நாட்டினார்கள் என்பதை மட்டும் இங்கே கவனித்துக்கொண்டு மேலே செல்வோம்.

நாய்க்கு இடம் வாசல்தான் என்ற எருக்கலம்பிட்டி வழக்கம், வேலைக்குப் போகும் குடும்பத்துக்கு உண்மையில் ஒரு வசதியே. சீமெந்து அறைக்குள் பூட்டப்பட்டுப் பகல் முழுவதும் கதவைப் பிராண்டிக்கொண்டிருக்கும் நாயைக் காட்டிலும், வேப்பமரத்தின் கீழ் மணலைக் கிளறிக் குழி பறித்து அதில் வயிற்றை வைத்துப் படுத்திருக்கும் நாய் பலமடங்கு நிம்மதியாக இருக்கிறது. நாய் மணலைக் கிளறுவது சேட்டை அல்ல. அடிமணலின் குளிர்ச்சியைத் தேடுவதே. தனிச்சட்டி, தனியிடம், படலைக்கும் வாசற்படிக்கும் இடையில் அதன் உலகம் என்று வகுத்துவிட்டால் வீட்டுச் சுத்தமும் கெடுவதில்லை, நாய்க்கும் குறைவில்லை.

ஆனால் வளவுகளும் மாறிவிட்டன. பனையோலை வேலி இருந்த இடங்களில் கல்மதிலும், தட்டிப் படலை இருந்த இடங்களில் தகரக் கதவும் வந்துள்ளன. காற்றை மறைக்கும் மதிலும், பகலில் அடுப்பைப் போலக் காயும் தகரக் கொட்டகையும் நாய்க்குப் பெரும் தீங்கு. நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கிறது. நாய்க்கோ வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களில்தான் இருக்கின்றன. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே அது தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதன் இயல்பான உடற்சூடு 38 முதல் 39 பாகை வரை. அது 41 பாகையைத் தாண்டுமானால் உயிருக்கே ஆபத்து. எச்சில் தடித்து ஒழுக, கால்கள் தள்ளாட, நாய் சோர்ந்து விழக் கண்டால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி, ஓலை விசிறியாலோ மின்விசிறியாலோ காற்றுப்படச் செய்து, தாமதமின்றி மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

காலையில் நிழல் இருக்கும் இடத்தில் கட்டிவிட்டுப் போகிறோம். பத்து மணிக்கு அந்த நிழல் நகர்ந்துவிடுகிறது. நாயால் நகர முடிவதில்லை. கட்டத்தான் வேண்டுமென்றால், இரண்டு மரங்களுக்கிடையே கம்பியொன்றை இழுத்துக் கட்டி, அதில் வளையம் ஓடும்படி சங்கிலியை மாட்டுவது நல்லது. நிழலோடு நாயும் நகரும். வழியில் சங்கிலி சுற்றிக்கொள்ளக்கூடிய கட்டையோ முளையோ இருத்தல் ஆகாது. மதில் உறுதியாக இருந்தால் அவிழ்த்து விடுவதே எல்லாவற்றிலும் மேல்.

தண்ணீர் விஷயத்திலும் கணக்கு ஒன்று உண்டு. 10 கிலோ எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளில் அரை லீற்றருக்குச் சற்று மேல் நீர் தேவை. மன்னார் வெயிலில் அது இரட்டிப்பாகலாம். சிரட்டையில் வைக்கும் நீர் ஒரு மணி நேரத்துக்கும் காணாது. அகலமான மண்சட்டிகள் இரண்டை, நாய் தட்டிக் கவிழ்க்காதபடி மணலில் பாதி புதைத்து, வெவ்வேறு இடங்களில் வைக்க வேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் மணல் பறந்து வந்து சட்டியை மூடிவிடுவதுண்டு. அக்காலத்தில் ஒரு சட்டியையாவது மதிலின் மறைவில் வைத்தல் அவசியம். உவர்க் கிணறு உள்ள வளவுகளில் வீட்டார் குடிக்கும் நல்ல தண்ணீரையே நாய்க்கும் கொடுக்க வேண்டும்.

நாய் தனியாக எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கேட்போர் பலர். வளர்ந்த நாய் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கும் மேலாக உறங்கவோ கண்ணயரவோ செய்யும். ஆகவே நாம் வேலைக்குப் போன பொழுது முழுவதும் அது அழுதுகொண்டிருக்கும் என்று வருந்த வேண்டியதில்லை. காலையில் அரை மணி நேரமாவது கடற்கரைப் பக்கம் நடத்திக் கொண்டுவந்து, உணவு கொடுத்து, பின்னர் வீட்டைப் பூட்டினால் நண்பகல் வரை அது உறங்கும். நடையே இல்லாத நாய்தான் குரைத்து அயலவரின் பொறுமையைச் சோதிக்கிறது, செருப்பைக் கடிக்கிறது, மதிலின் அடியில் வழி தோண்டுகிறது. பாடசாலை ஒன்றரை மணிக்கு விடுவதால், ஆசிரியர் அல்லது மாணவர் உள்ள வீட்டில் இரண்டு மணிக்கு ஒருவர் வந்து சேர்ந்துவிடுவார். அந்த இரண்டு மணி வருகை பெரிது. சட்டியை நிரப்பி, நாயை ஒருமுறை வெளியே விட்டு, இரண்டு வார்த்தை பேசினால் போதும். கந்தோர் உத்தியோகம் மட்டுமே உள்ள வீட்டில் இந்தப் பொறுப்பை ஏற்க அயல் வீட்டுப் பாட்டியையோ மச்சானையோ முன்கூட்டியே கேட்டு வைத்தல் நலம். இரவில் வலையோடு கடலுக்குப் போகிறவர் வீட்டிலோ கணக்கு தலைகீழ்: அவர் விடியற்காலையில் கரையேறும்போதுதான் அந்நாயின் பகல் தொடங்குகிறது. நேரம் எதுவாயினும் நாள்தோறும் ஒன்றாயிருந்தால் நாய் அதைப் பழகிக்கொள்ளும்.

குட்டியின் கதை வேறு. மூன்று மாதக் குட்டியால் சுமார் மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்க முடியாது. மூன்று நான்கு வேளை உணவும் அதற்கு வேண்டும். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவும் கூடாது. வீட்டில் பகலில் ஒருவருமே இல்லாத குடும்பம் குட்டியை வளர்க்க எண்ணாமல், வளர்ந்து நிதானமடைந்த நாயொன்றைத் தேடிக்கொள்வதே உசிதம் என்பது நமது உறுதியான அபிப்பிராயம். பிள்ளைகள் குட்டிதான் வேண்டும் என்று அழுவார்கள். பாடசாலை விடுமுறையின் முதல் நாள் வரை அவர்களைக் காத்திருக்கச் சொல்லலாம்.

வளர்ந்த நாய்க்குக் காலையும் மாலையுமாக இருவேளை உணவு போதுமானது. உப்பேறிய கருவாட்டையும், வெங்காயமும் மிளகாயும் சேர்ந்த கறிச்சோற்றையும் தவிர்த்து, உப்பிடாமல் அவித்து முள் நீக்கிய மீனைச் சோற்றோடு பிசைந்து கொடுக்கலாம். நோன்பு மாதத்தில் இது இன்னும் எளிது: சஹர் நேரத்தில் ஒரு வேளை, நோன்பு திறந்த பின் ஒரு வேளை. ஆயினும் நண்பகலில் வீட்டார் ஒருவரும் தண்ணீர்ப் பானையின் பக்கம் போகாத அந்த மாதத்தில்தான் நாயின் சட்டி வெறுமையாய்க் கிடப்பது கண்ணில் படாமல் போகிறது.

எருக்கலம்பிட்டிக் குடும்பங்களுக்கு வேறெந்த ஊரிலும் அதிகம் காணாத ஒரு சங்கடமும் உண்டு. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்த் தீவு மக்கள் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். கையில் எடுத்துக்கொள்ளக்கூடியது மிகக் குறைவு. ஆடு மாடு கோழி எல்லாம் நின்ற இடத்தில் நின்றன. புத்தளத்தில் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. 2009இல் போர் முடிந்த பின் பலர் திரும்பி வந்தபோதும், உறவும் வீடும் தொழிலும் இரண்டு ஊர்களிலும் பரந்திருக்கின்றன. புத்தளத்தில் ஒரு கலியாணம், ஒரு மரணம், ஒரு பிள்ளைப்பேறு என்றால் வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பமே புறப்படுகிறது. இரண்டு நாளில் திரும்புவதாகச் சொல்லிப் போனவர்கள் இரண்டு வாரம் தங்கிவிடுகிறார்கள். படலைக்குள் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சட்டிச் சோறும் வைத்துவிட்டுப் போவது ஏற்பாடு ஆகாது. முதல் நாளிலேயே சோறு புளித்துவிடும். காகம் வாளியைக் கலக்கிவிடும். பசித்த நாய் மதிலைத் தாண்டி ஊரோடு சேர்ந்துவிடும்.

உத்தியோகத்தரின் நாய் என்றால் உலகம் நினைப்பது யப்பானிய நாயான ஹச்சிக்கோவை. தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகப் பேராசிரியர் உவெனோவை ஷிபுயா புகையிரத நிலையத்தில் மாலைதோறும் எதிர்கொண்ட அந்நாய், அவர் 1925 மே மாதத்தில் பணியிடத்திலேயே காலமான பின்னரும், 1935 மார்ச்சில் தான் இறக்கும் வரை அங்கே வந்துகொண்டிருந்தது. 1934இலேயே அதற்குச் சிலை எழுந்துவிட்டது. எல்லோரும் நாயின் விசுவாசத்தைப் பாடுகிறார்கள். நாம் கேட்பதோ வேறு: ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அதற்குச் சோறிட்டவர் யார்? பேராசிரியரிடம் முன்னர் தோட்ட வேலை பார்த்த ஒருவர் அதைத் தம் வீட்டில் வைத்துப் பராமரித்தார்; நிலையத்துக்கு வந்து போனவர்களும் உணவு கொடுத்தார்கள். அவர்களுக்கு யாரும் சிலை வைத்ததாகத் தெரியவில்லை!

அப்படி ஒருவர் கிடைக்காத நாய்தான் நம் ஊர்களில் கட்டாக்காலியாகிறது. கட்டாக்காலி நாய் கடித்தால் வருந்துபவர் பெரும்பாலும் பாடசாலைக்குப் போகும் பிள்ளைகளே. இலங்கையில் விசர்நாய்க்கடி நோயால் 1973இல் 377 பேர் உயிரிழந்தார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றும் இயக்கம் 1975 முதல் நாடெங்கும் நடந்ததன் பயனாக, அண்மைய ஆண்டுகளில் அத்தொகை 50க்கும் கீழே இறங்கியுள்ளது. நோய்க்குறி தோன்றிவிட்டால் வைத்தியத்தால் காப்பாற்றுவது அநேகமாக இயலாத காரியம். அதற்கு முன் ஊசி ஏற்றிக்கொண்டால் முற்றாகத் தப்பலாம். கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, அன்றே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் பூசிக்கொண்டு காலம் கடத்துவது கூடாது. தடுப்பூசி ஏற்றிய வளர்ப்பு நாய் கடித்தாலும் வைத்தியரிடம் காட்டிவிட்டு, நாயைப் 10 நாட்கள் கண்காணிக்க வேண்டும்.

பெண் நாயாயின் அதற்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்வித்தலும் அவசியம். ஓராண்டு நிறைவதற்குள்ளேயே அது முதன்முறை பருவமடைந்துவிடலாம். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாட்கள்தான். இரவும் பகலும் வேலையென்று ஓடும் குடும்பம் ஆறு குட்டிகளை என்ன செய்யும்? சந்தைப் பக்கம் கொண்டுபோய் விடும். மன்னார்த் தெருக்களில் உரியவரின்றித் திரியும் கழுதைகளைப் பார்த்தாலே தெரியும்: ஒரு காலத்தில் பொதி சுமந்த இனம் அது, சுமை லொறிக்குப் போனது, கழுதை தெருவுக்கு வந்தது.

தடுப்பூசியை ஆண்டுதோறும் ஏற்றுவித்து அதன் அட்டையைப் பத்திரப்படுத்த வேண்டும். வீட்டு உறுதியும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழும் வைத்திருக்கும் பையிலேயே அதையும் வைத்துக்கொண்டால், புத்தளத்துக்குப் புறப்படும் அவசரத்திலும் கைக்கு எட்டும். நாய்க்குச் சோறிடப் பொறுப்பேற்ற அயலவரிடம் வீட்டுத் திறப்போடு சேர்த்து அந்த அட்டையையும் கொடுத்துவிட்டுப் போகலாம்.