கியர் விழவில்லையா? பெட்டியை இறக்க அவசரப்படாதீர்கள்

மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றுபோனது. மும்பையின் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரோடு விடைபெற்றன. ஆனாலும் அப்பா வாங்கியது, தாத்தா ஓட்டியது என்று இந்த வண்டிகளை விட மனமில்லாமல் வைத்திருப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களிடம் அடிக்கடி கேட்கும் புகார், “கியர் சரியா விழ மாட்டேங்குது.”

பட்டறைக்குப் போனால், “பெட்டியை இறக்கணும் சார்” என்று பதில் வரும். பெட்டியை இறக்குவது பெரிய வேலை. உள்ளே போடும் பாகங்கள் கிடைப்பது அதைவிடப் பெரிய பாடு. கியர் விழாததற்குக் காரணம் பல நேரங்களில் கியர் பெட்டிக்கு வெளியேதான் இருக்கிறது. கிளட்ச், இணைப்புக் கம்பிகள், ஆயில் ஆகிய மூன்றையும் சோதித்த பிறகே பெட்டியின் மேல் சந்தேகப்பட வேண்டும்.

‘கர்ர்’ சத்தம் எங்கிருந்து வருகிறது?

மூன்றாவது கியரின் விகிதம் 1.5, நான்காவதின் விகிதம் 1 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதில் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால், பின்சக்கரங்களை நோக்கிப் போகும் தண்டு 2,000 சுற்றுதான் சுற்றும். இப்போது கிளட்சை மிதித்து நான்காவது கியர் போடுகிறோம். கிளட்ச் பக்கமுள்ள தண்டு அந்தக் கணத்தில் 3,000 சுற்றிலிருந்து 2,000க்கு இறங்கியாக வேண்டும். இறங்காவிட்டால் வேறு வேறு வேகத்தில் சுற்றும் பற்கள் மோதிக்கொள்ளும். ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவர் பஸ்ஸோடு கொஞ்சம் ஓடிவிட்டுத்தானே காலை வைக்கிறார்? கியருக்கும் அதே நியாயம்தான்.

அந்தக் கால ஓட்டுநர்கள் இந்த வேகத்தைக் காலாலேயே சரிசெய்தார்கள். கியரைக் குறைக்கும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரை லேசாகத் தட்டி, மறுபடி கிளட்சை மிதித்து அடுத்த கியரைப் போடுவார்கள். லாரி ஓட்டியவர்கள் ‘டபுள் கிளட்ச்’ என்று சொல்வது இதைத்தான்.

இந்தச் சிரமத்தைத் தீர்த்தது சிங்க்ரோமெஷ். அமெரிக்கப் பொறியாளர் ஏர்ல் தாம்சன் உருவாக்கிய இந்த அமைப்பு 1928இல் காடிலாக் கார்களில் அறிமுகமானது. பின்னாளில் பரவலான வடிவத்தில் இதன் உயிர்நாடி ஒரு பித்தளை வளையம். அதன் உட்புறம் கூம்பு போலச் சரிந்திருக்கும்; திருகாணியின் மரையைப் போல நுண்ணிய வரிகள் ஓடும். கியர் போடும்போது இந்த வளையம் பல்சக்கரத்தின் கூம்பில் போய் அழுந்துகிறது. இடையிலுள்ள ஆயில் படலத்தை வரிகள் அறுத்துவிட, உராய்வு பிடித்து இரண்டு வேகமும் சமமாகின்றன. சமமாகும் வரை கியர் பூட்டிக்கொள்ளாதபடி அந்த வளையமே தடுத்தும் நிற்கிறது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அம்பாசிடரின் பழைய நான்கு கியர் பெட்டியிலும் பத்மினியிலும் முதல் கியருக்கு இந்த வளையம் கிடையாது. ஆகவே வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியரில் தள்ளினால் சத்தம் வருவது கோளாறே அல்ல. எல்லா கியருக்கும் சிங்க்ரோ உள்ள புதுக் காரில் பழகிய இளைஞர்கள் இதைப் பழுது என்று நினைத்துப் பட்டறைக்கு ஓடுகிறார்கள். வண்டியை முழுதாக நிறுத்திவிட்டு முதல் கியர் போட்டால் போதும்.

இன்ஜினை அணைத்துப் பாருங்கள்

முதல் சோதனைக்குச் செலவே இல்லை. சமதரையில் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்து, கிளட்சை மிதித்து எல்லா கியர்களையும் போட்டுப் பாருங்கள். பிறகு இன்ஜினை ஓடவிட்டு அதையே செய்யுங்கள். அணைத்திருக்கும்போது சுலபமாக விழும் கியர், ஓடும்போது முரண்டு பிடித்தால் முதல் சந்தேகம் கிளட்ச்.

உறுதிப்படுத்த ரிவர்ஸ் உதவும். முன்னும் பின்னும் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, இன்ஜின் மெதுவாக ஓடும்போது கிளட்சை முழுதாக மிதித்து, நான்கைந்து விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். அதற்குள் பெட்டிக்குள் சுழற்சி அடங்கியிருக்க வேண்டும். அப்போதும் ‘கர்ர்’ என்றால், மிதித்த பிறகும் கிளட்ச் பிளேட் பிரியாமல் இன்ஜினோடு சுற்றுகிறது என்று பொருள்.

காரணங்கள் பல. கிளட்ச் பெடலை இரண்டு மூன்று முறை அடித்தபின் கியர் விழுகிறதென்றால், ஆயிலால் இயங்கும் கிளட்சின் குழாயில் காற்று புகுந்திருக்கலாம் அல்லது அதன் சிலிண்டர் வாஷர் கசியலாம். கம்பியால் இயங்கும் கிளட்ச் என்றால் பெடலின் பிளே (வெற்று ஆட்டம்) அதிகமாகியிருக்கலாம். மாதக்கணக்கில் ஷெட்டில் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட் துருவால் பிளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. கிளட்ச் பிரியாமலே கியரைத் தள்ளிக்கொண்டிருந்தால், அந்தச் சிறிய பித்தளை வளையம் இன்ஜினோடு மல்லுக்கட்டித் தேய்ந்துபோகும். இன்று கிளட்சில் இருக்கும் சின்னப் பழுது நாளை பெட்டிக்குள் போய்விடும்.

ஸ்டீயரிங் அடியில் ஒரு பயணம்

அம்பாசிடர், பத்மினி இரண்டிலும் வெகுகாலம் கியர் லீவர் ஸ்டீயரிங் தண்டிலேயே இருந்தது. முன் இருக்கையில் மூன்று பேர் உட்கார அது வசதி. ஆனால் கையின் அசைவு தண்டு வழியே இறங்கி, பல கம்பிகளையும் மூட்டுகளையும் தாண்டித்தான் பெட்டியை அடைகிறது. ஒவ்வொரு மூட்டிலும் ஒரு புஷ். ஒவ்வொன்றிலும் அரை மில்லிமீட்டர் தேய்மானம் இருந்தாலும் எல்லாம் சேர்ந்து லீவர் நுனியில் பெரிய ஆட்டமாகத் தெரியும். லீவர் முழுதாக நகர்ந்தும் உள்ளே கியர் அரைகுறையாகவே விழும். இரண்டாவது தேடினால் ரிவர்ஸ் பக்கம் போகும். நடுவில் சிக்கிக்கொள்வதும் உண்டு.

ஒருவர் லீவரை அசைக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்து கம்பிகளைப் பார்த்தாலே எந்த மூட்டு ஆடுகிறது என்று தெரிந்துவிடும். புஷ்ஷை மாற்றி, கிரீஸ் வைத்து, கம்பியின் நீளத்தைச் சரிசெய்தால் போதும். இன்ஜின் மவுண்டிங் ரப்பரையும் பாருங்கள். அது கிழிந்திருந்தால் ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது இன்ஜினும் பெட்டியும் சேர்ந்து ஆடி, கம்பியை இழுத்துக் கியரை எகிற வைக்கும்.

எந்த ஆயில்?

‘நல்ல ஆயில், விலை கூடுதல்’ என்று கண்டதை ஊற்றக் கூடாது. ஜிஎல்-5 வகை ஆயில் பெரும்பாலும் பின் அச்சின் பல்சக்கரங்களுக்காக வந்தது. அதிலுள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்களில் சில, சூட்டில் பித்தளையை அரிக்கும். உராய்வை நம்பி வேலை செய்யும் வளையத்துக்கு மிகையான வழுக்கலும் ஆகாது. சிங்க்ரோ உள்ள பழைய பெட்டிகள் பலவற்றுக்கு ஜிஎல்-4 பொருந்தும். பிரிட்டனின் எம்ஜிபி காருக்கோ கியர் பெட்டியிலும் இன்ஜின் ஆயிலையே ஊற்றச் சொன்னார்கள். எனவே வண்டியோடு வந்த கையேடு சொல்வதே வேதவாக்கு.

பழைய ஆயிலை வடிக்கும்போது வெள்ளைத் துணியில் கொஞ்சம் தடவிப் பாருங்கள். தங்கத் தூள் போல மின்னினால் பித்தளை வளையம் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டும் இரும்புச் செதில்கள் வந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது.

இனி பெட்டி

கிளட்ச், கம்பி, ஆயில் மூன்றும் சரியாக இருந்தும் ஒரே ஒரு கியரில் மட்டும் தகராறு என்றால், அப்போது பெட்டியைச் சந்தேகிக்கலாம். வேகமாக மாற்றினால் சத்தம், நிதானமாக மாற்றினால் அமைதி என்றால் அந்தக் கியரின் வளையம் தேய்ந்திருக்கிறது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கியர் எகிறி நியூட்ரலுக்கு வந்தால், கியரைப் பிடித்து நிறுத்தும் குண்டும் ஸ்பிரிங்கும் தளர்ந்திருக்கலாம். பூட்டும் பற்களின் முனை மழுங்கியிருக்கலாம். இதற்குப் பெட்டியைத் திறந்துதான் ஆக வேண்டும்.

பட்டறைக்குப் போகும் முன் ஒரு தாளில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: எந்த கியரில் தகராறு, ஏற்றும்போதா குறைக்கும்போதா, இன்ஜின் சூடாக இருக்கும்போதா ஆறியிருக்கும்போதா, இன்ஜின் அணைந்திருந்தால் கியர் விழுகிறதா. இந்த நான்குக்கும் விடை தெரியாமல் பெட்டியை இறக்க எந்த மெக்கானிக்கையும் அனுமதிக்காதீர்கள்.