வல்லக்கோட்டைப் பக்கம் ஓர் அனலாக் பட்டறை வேண்டும்

வல்லக்கோட்டையைச் சுற்றியுள்ள ஒரகடம், வல்லம்-வடகால் சிப்காட் தொழிற்பூங்காக்களில் உற்பத்திக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் வடிவமைப்புக்குத்தான். 2006-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்த நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டபோது, அதன் கைப்பேசிகளை வடிவமைத்த மூளை இங்கே இருந்ததே இல்லை. 2021-இல் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்த ஒரகடம் மருத்துவக் கருவிப் பூங்காவும் அசெம்பிளி லைனோடு நின்றுவிடக் கூடாது. தொடங்க ஏற்ற கருவி ஒன்று உண்டு: மின் அளவீட்டைக் கொண்டு நுரையீரலைப் படம் பிடிப்பது.

மார்பைச் சுற்றி 16 எலக்ட்ரோடுகளை ஒட்டி, பக்கத்துப் பக்கத்து இரண்டின் வழியே முறைவைத்து 50 கிலோஹெர்ட்ஸில் சில மில்லியாம்பியரைச் செலுத்துகிறார்கள்; மற்ற ஜோடிகளில் மின்னழுத்தத்தை அளக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு 208 அளவுகள். காற்று நிறைந்தால் நுரையீரலின் மின்தடை ஏறும், மூச்சை விட்டால் இறங்கும். அந்த வேறுபாடே படமாகிறது. ஆய்வாளர்கள் பார்பரும் பிரவுனும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1980-களில் இதைச் செய்துகாட்டினார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலும் ஆய்வுக்கூட அளவில் செய்திருக்கிறார்கள்.

“படம் மங்கல், சி.டி. ஸ்கேன் இருக்கும்போது இது எதற்கு?” என்பார்கள். மங்கல்தான். ஆனால் வென்டிலேட்டரில் கிடப்பவரை மூச்சுக்கு மூச்சு ஸ்கேன் அறைக்குத் தள்ளிப்போக முடியாது, கதிர்வீச்சும் உண்டு. காற்று எந்தப் பக்கம் போகவில்லை என்பதை இது படுக்கையிலேயே காட்டும். “மீதியை மென்பொருள் பார்த்துக்கொள்ளும்” என்பது இன்னும் பலவீனமான வாதம். அளவுகளிலிருந்து படத்தை உருவாக்கும் கணக்கில் அளவீட்டின் சிறு பிழையும் படத்தில் பூதாகரமாகும். ஒரு மீட்டர் ஷீல்டு கேபிளில் சுமார் 100 பிக்கோஃபாரட் கொள்திறன் என்றால், 50 கிலோஹெர்ட்ஸில் அது வெறும் 32,000 ஓம். தோல் தொடும் இடத்தில் 1,000 ஓம் இருந்தாலே மின்னோட்டத்தில் 3 விழுக்காடு அளவுக்கு வழியிலேயே கசியும். எலக்ட்ரோடு அருகிலேயே பஃபர் வைப்பது, கேபிளின் உறையையும் சிக்னலின் அழுத்தத்திலேயே ஓட்டுவது, ரெசிஸ்டர்களைத் துல்லியமாக ஜோடி சேர்ப்பது எல்லாம் அனலாக் பொறியாளர் வேலை. சிப் இறக்குமதிதானே என்றால், ஆம். ஆனால் இந்தக் கைத்திறன் சிப்போடு பெட்டியில் வருவதில்லை.

பூங்காவில் மனை ஒதுக்கும் சிப்காட், பக்கத்துப் பொறியியல் கல்லூரி மாணவர்களும் சிறு நிறுவனங்களும் வந்து அளந்து பார்க்க, நோயாளிப் பாதுகாப்புச் சோதனை வசதியோடு ஒரு பொது அனலாக் பட்டறைக்கும் இடம் ஒதுக்க வேண்டும்.