கணினிப் பணிக்கும் பாயிரம் வேண்டும்

நூலின் முகப்பிலே பாயிரம் வைப்பது தமிழ் மரபு. 13ஆம் நூற்றாண்டிலே நன்னூல் செய்த பவணந்தி முனிவர், எழுத்தையும் சொல்லையும் தொடுமுன்னரே, நூல் இன்னது, கற்பிப்போன் இன்னான், கற்பிக்கும் முறை இன்னது, கற்போன் இன்னான், கற்கும் முறை இன்னது என்று வகுத்துவிடுகின்றார். முப்பது ஆண்டளவாக இதனை வகுப்பிலே சொல்லிவரும் எனக்கு இதன் அருமை உள்ளபடி விளங்கியது சென்ற ஆண்டிலேதான். விளக்கியது இலக்கண நூல் ஒன்றன்று. கணினியிலே சொற்பிழை காட்டும் மென்பொருள் ஒன்று.

திறமூல மென்பொருள் என ஒருவகை உண்டு. அதன் உள்ளமைப்பு யாவர்க்கும் திறந்திருக்கும். யாரும் படிக்கலாம், திருத்தலாம், திருத்தியதை ஏற்குமாறு அனுப்பலாம். பின்லாந்து நாட்டு மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸ், இவ்வாறு ஊர் கூடி இழுத்த தேரேயாகும். தமிழிலும் இவ்வழக்கம் புதிதன்று. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களைக் காக்கவென 2005இல் எழுந்த நூலகம் திட்டமும் மென்பொருள்கள் அல்லவாயினும், தன்னார்வலர் கைகளாலேயே வளர்ந்தவை. இத்தகைய பணிகளின் முகப்பிலே, புதிதாய் வருவோர்க்கு வழிசொல்லும் ஏடு ஒன்று இருக்கும். பங்களிப்பாளர் வழிகாட்டி என்பர். யான் அதனைப் பாயிரம் என்றே சொல்லுவேன்.

வட்டகொடையில் எம் மாணவர் சிலர் பாடசாலைச் சஞ்சிகைக்கெனத் தோட்ட வாழ்க்கை பற்றிய கட்டுரைகளைக் கணினியிலே எழுதிக்கொண்டிருந்தனர். பெரட்டு என்று எழுதினால் அடியிலே சிவப்புக் கோடு. விடியற்காலையிலே தொழிலாளர் கூடி அன்றைய வேலையை ஏற்கும் களம் அது. தேயிலைச் செடியை வெட்டித் தாழ்த்தும் கவ்வாத்துக்கும் கோடு, அரைநாட் சம்பளமாகிய அரைப்பேருக்கும் கோடு, கொந்தரப்புக்கும் கோடு. லயம் மட்டும் தப்பியது. இசை நூல்களின் லயத்தை இயந்திரம் அறிந்திருந்தமையால், பத்தடி அறைகளின் வரிசையையும் சங்கீதமென்றே எண்ணி விட்டுவிட்டது போலும்!

மாணவி ஒருத்தி தவறணை என்று எழுதியிருந்ததை அழித்து, நாற்றுப்பண்ணை என மாற்றினாள். ஏன் மாற்றினாய் என்றேன்.

"செவப்புக் கோடு விழுகுது ஐயா. நீங்களும் இப்படித்தானே கோடு போடுவீங்க?"

என்னிடம் விடையில்லை. அவள் சொன்னது மெய். தோட்டத்துச் சொற்களைக் கட்டுரைகளிலே காணுந்தோறும் சிவப்பு மையாலே கோடிட்டவன் யானே. இயந்திரம் என்னினும் விரைவாகச் செய்தது, வேற்றுமை அவ்வளவே.

அம்மென்பொருளின் சொற்பட்டியல் திறந்தது என்று மாணவர் கண்டறிந்தனர். சொற்களைத் திரட்டி அனுப்பவும் முற்பட்டனர். அப்போதுதான் அதன் வழிகாட்டியைப் படித்தேன். நான்கே வரி. 'சரியான தமிழ்ச் சொற்களை மட்டும் அனுப்புக' என்பது முதல் வரி. எது சரி, யார் துணிவது, எதனைச் சான்றாகக் கொள்வது என்பதற்கு ஒரு சொல்லுமில்லை. 'சொல்லோடு உரிய குறியெழுத்தைச் சேர்க்க' என்பது அடுத்தது. நன்னூலார் எண்ணிய பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறலும் மயங்க வைத்தலும் இரு வரிக்குள்ளே அமைந்துவிட்டன.

குறியெழுத்தென்பது யாதெனின், ஹங்கேரிய மொழிக்கென முதலில் ஆக்கப்பட்ட ஹன்ஸ்பெல் என்னும் திறமூலக் கருவியின் முறை அது. லிப்ரே ஆபிஸ், பயர்பாக்ஸ் முதலியவை பிழை காண்பது அதனைக்கொண்டே. ஒரு கோப்பிலே சொற்கள் இருக்கும். மற்றொன்றிலே அவை விகுதியும் உருபும் ஏற்கும் விதிகள் இருக்கும். சொல்லின் பக்கத்திலே இடும் எழுத்து, இச்சொல்லுக்கு இவ்விதி என்று காட்டும். தமிழ்ப் பெயர் ஒன்று வேற்றுமை ஏற்றும், உம்மையும் ஏகாரமும் சேர்ந்தும் எத்தனை வடிவாய் விரியும் என்பதை ஆசிரியர் அறிவர். இதனைப் பதினாறு வயதினர் எங்ஙனம் ஊகிப்பர்? ஊகித்தே அனுப்பினர்.

ஒரு திங்கள் கழித்து மறுமொழி வந்தது. இவை பேச்சுப் பிழைகள், ஏற்பதற்கில்லை என்று ஒரே வரி. தவறணைக்கு மட்டும் தனிக்குறிப்பு: கள்ளுக்கடையின் பெயரை மாணவர் அனுப்பலாமா என்று. யாழ்ப்பாணப் பக்கத்திலே தவறணை கள்ளுக்கடைதான், மறுப்பதற்கில்லை. மலையகத்திலோ அது தேயிலைக் கன்று வளர்க்கும் நாற்றுமேடை. "எங்க அம்மா தவறணையிலதான் ஐயா வேலை செய்றாங்க" என்று அம்மாணவி மெல்லச் சொன்னாள்.

மறுத்தவரை யான் குறைகூறேன். ஊதியமின்றி, தம் வேலை முடிந்த இரவுப்பொழுதிலே பார்ப்பவர் அவர். கொள்வதற்கோ தள்ளுவதற்கோ அந்த நான்கு வரி எங்களுக்கும் துணைசெய்யவில்லை, அவருக்கும் துணைசெய்யவில்லை.

வழிகாட்டியின் பிழை பணியையே வளைத்துவிடும் என்பதற்கு ஆங்கிலேயரின் பேரகராதி நல்ல சான்று. பின்னர் ஆக்ஸ்போர்டு அகராதி எனப் பெயர்பெற்ற அப்பணிக்கு, பொதுமக்களே நூல்களைப் படித்து மேற்கோள்களைத் தாளிலே எழுதி அனுப்பினர். பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரே முன்பு வந்த தாள்களைப் பிரித்துப் பார்த்தபோது, வழக்கொழிந்த 'அப்யூஷன்' என்னும் சொல்லுக்கு ஏறத்தாழ ஐம்பது மேற்கோள் கிடைத்தன. அன்றாடம் வழங்கும் 'அப்யூஸ்' என்பதற்கோ ஐந்துகூட இல்லை. வித்தியாசமான சொற்களிலேயே வாசகரின் கண் சென்றிருந்தது. 1879இல் மரே விடுத்த வேண்டுகோளிலே, எளிய சொற்களுக்கும் இயன்றவரை மேற்கோள் தருமாறு கேட்டார். தாளிலே சொல் எங்கே, ஆண்டு எங்கே, நூற்பெயரும் பக்கமும் எங்கே வரவேண்டும் என்றும் காட்டினார்.

நம்மவரும் இத்துறையிலே பின்தங்கியவரல்லர். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி, யாழ்ப்பாண வழக்கைத் தள்ளாது, தனிக்குறியிட்டுச் சேர்த்துக்கொண்டது. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலத்துச் சொற்களையும் திசைச்சொல்லென ஏற்றது நம் இலக்கணம். வட்டகொடைக்கு அண்மையிலுள்ள மடக்கொம்பரைத் தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்துவைத்தமை இவ்விடத்து நினைவுக்கு வருகின்றது. தொழிலாளர் வாய்ச்சொல்லைப் பிழையென்று தள்ளியிருந்தால் அவர் தொகுப்பதற்கு என்ன இருந்திருக்கும்?

திறமூலப் பணியின் சிறப்பொன்று எனக்குப் பிந்தித்தான் தெரியவந்தது. சொற்பட்டியலைப் போலவே வழிகாட்டியும் திறந்த ஏடு. அதனையும் திருத்தி அனுப்பலாம். மாணவரும் யானும் எழுத உட்கார்ந்தோம். என் முதல் வரைவு ஆறு பக்கம் வந்தது, மாணவரே சிரித்தனர். அதனை அனுப்பியபோது, முன்பு மறுத்த அந்த அன்பரே, இவ்வளவையும் படிக்கச் சொன்னால் புதியவர் வாசலிலேயே திரும்பிவிடுவர் என்று எழுதினார். மிகைபடக் கூறலும் குற்றமே. வெட்டி ஒரு பக்கமாக்கினோம். கவ்வாத்து என்றனர் பிள்ளைகள்.

குறியெழுத்துத் தொல்லைக்கு நம் பழைய வாய்பாட்டு முறையே மருந்தாயிற்று. எழுத்தைக் கேளாது, 'அறிந்த எச்சொல்லைப் போல இது உருபேற்கும்?' என்று கேட்டால் போதும். தவறணை, மலை போல: மலையில், தவறணையில். பெரட்டு, பாட்டுப் போல: பாட்டுக்கு, பெரட்டுக்கு. லயம், மரம் போல: மரத்தில், லயத்தில். எழுத்தை இடுவது பணியறிந்தவர் பொறுப்பு. 'சரியான தமிழ்' என்ற வரியை நீக்கி, எவ்வூரில், எத்தொழிலில் வழங்குகின்றது என்பதோடு, வழங்குவோர் சொல்லும் வாக்கியம் ஒன்றும் தருக என்று வைத்தோம். தள்ளுவோரும் காரணத்தை ஒரு வாக்கியத்திலேனும் எழுதவேண்டும் என்று சேர்த்ததற்கு முதலில் முணுமுணுப்பு எழுந்தது; இப்போது எழுதுகின்றனர். விதிகளுக்குக் கீழே, முற்றும் நிரப்பிய மாதிரி ஒன்று. விதியைப் படியாதவரும் மாதிரியைப் பார்த்து எழுதுவர் என்பது வகுப்பறை கற்பித்த பாடம்.

மாதிரியாக வைக்கப்பட்டிருப்பது தவறணை. வாக்கியம் அம்மாணவி தந்தது: 'அம்மா தவறணையில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்.'

பெரட்டும் கவ்வாத்தும் அரைப்பேரும் பட்டியலிலே சேர்ந்துவிட்டன. கொந்தரப்பு இன்னும் வழக்கிலே நிற்கின்றது. போர்த்துக்கேயரின் 'கொந்தராத்தோ' வழிவந்த கொந்தராத்து என்பதே ஈழத்து வடிவம், இது அதன் திரிபு என்கின்றார் ஒருவர். காரணம் எழுதித்தான் மறுத்திருக்கின்றார். மூத்த தொழிலாளி ஒருவரிடம் வாக்கியம் கேட்கச் சென்ற மாணவன் மூன்று வாக்கியங்களோடு திரும்பினான். மூன்றிலும் கொந்தரப்பே. சென்ற வாரம் அவற்றை அனுப்பியிருக்கின்றோம்.