திராட்சை மதுவும் வைரஸ் நோய்களும்

உணவுடன் சிறிதளவு திராட்சை மது அருந்துவது நோயைத் தடுக்கும் என்னும் நம்பிக்கை ஐரோப்பிய நாடுகளில் நெடுங்காலமாக நிலவி வருகிறது. ஆனால், பரிசோதனைக் குழாயில் நிகழ்வது வேறு. மனித உடலில் நிகழ்வது வேறு.

கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்களான கொனோவால்சுக், ஸ்பையர்ஸ் ஆகிய இருவரும் 1976-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இங்குக் கருதத்தக்கது. இளம்பிள்ளை வாதத்தை உண்டாக்கும் வைரஸை அவர்கள் திராட்சைச் சாற்றில் இட்டு, 4 டிகிரி வெப்பநிலையில் 24 மணி நேரம் வைத்தனர். அதன் தொற்றும் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. மதுவிலும் இத்தன்மை காணப்பட்டது. வெண்ணிற மதுவைவிடச் செந்நிற மதுவில் மிகுந்திருந்தது. இதற்குக் காரணமான பொருள்கள் பழத்தோலில் உள்ளவை. செந்நிற மது தோலுடன் சேர்த்தே புளிக்க வைக்கப்படுகிறது. புளிக்காத சாறும் இவ்வாறு செயற்படுவதால், ஆல்கஹால் மட்டுமே இதற்குக் காரணம் அன்று என்பது தெளிவு.

1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துப் பச்சைச் சிப்பிகளை உண்டவரிடையே ஹெபடைடிஸ் ஏ என்னும் காமாலை நோய் பரவியது. 10 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் கொண்ட பானங்களைச் சிப்பியுடன் அருந்தியவரிடம் நோய் குறைவாக இருந்ததாக 1992-இல் வெளியான ஆய்வு கூறிற்று. எனினும், ஒரு நிகழ்ச்சியில் கண்ட இத்தொடர்பைக் கொண்டு மதுவை மருந்தென முடிவு செய்தல் பொருந்தாது.

கைகளைத் தூய்மை செய்யும் திரவத்தில் ஆல்கஹால் குறைந்தது 60 சதவீதம் இருத்தல் வேண்டும். திராட்சை மதுவில் அது பெரும்பாலும் 12 முதல் 14 சதவீதமே. இரத்தத்திலோ 0.4 சதவீதத்தை எட்டினாலே உயிருக்கு ஆபத்து நேரும். ஆகவே, உடலினுள் பரவிவிட்ட வைரஸை மதுவினால் அழித்தல் இயலாது.

மாறாக, ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் கல்லீரலில் தங்கியுள்ளவர்க்கு மது பெருங்கேடு விளைவிக்கும். வைரஸும் மதுவும் ஒரே உறுப்பைத் தாக்குவதால், கல்லீரல் தழும்பேறி இறுகும் நிலை விரைவில் வந்தடைகிறது. புற்றுநோய் அபாயமும் பெருகுகிறது. திராட்சை மதுவாயினும் சாராயமாயினும் கல்லீரலுக்கு வேறுபாடு இல்லை. நோய் முற்றும்வரை அறிகுறி எதுவும் தோன்றாமல் இருத்தலும் உண்டு. எனவே, தம்மிடம் தொற்று இருப்பதை அறியாமலே பலர் மது அருந்தி வருகின்றனர்.

மதுவில் தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என்பதை உலகச் சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டில் எடுத்துரைத்தது. ஹெபடைடிஸ் ஏ, பி ஆகியவற்றுக்குத் தடுப்பூசி உண்டு. சி வகையை மாத்திரைகளால் குணப்படுத்த இயலும். 2018-இல் தொடங்கப்பெற்ற தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் இரத்தப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாக அளிக்கப்படுகின்றன. நோயினின்று காப்பவை இவையே, மதுக்கோப்பை அன்று.